மூன்றாவது ஆள் எழுந்தால்

"பேச்சை நிறுத்துங்க பெருசு, மூணாவது வருது," என்றாள் பெவ், காபிக் கடையில் வாய் நிறைய முட்டையோடு.

ஆர்விட் டோலரூட் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மணி அடித்தது. பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு. வெண்டல் பிராண்ட் சிரித்துக்கொண்டேதான் எங்கேயும் நுழைவான். சிரித்துக்கொண்டே நுழைகிறவனைக் கண்டால் ஆர்விட்டின் கை தானாகப் பர்ஸைத் தடவிப் பார்க்கும்.

"நகருங்க, நகருங்க. எனக்கும் கொஞ்சம் இடம் கொடுங்க," என்று பெவ்வை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான் வெண்டல். "என்ன பேசிட்டிருந்தீங்க?"

"உங்க அழகைப் பத்தி, தலைவரே," என்றாள் பெவ்.

"குழு விஷயம் ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே. குழுவுக்கும் அழகுக்கும் என்ன சம்பந்தம்?"

ஆர்விட் பாதிக் காபியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். எழாமல் என்ன செய்வது?

ஹால்வர் ஊரின் குடிமக்கள் பாதுகாப்புக் குழுவுக்கு ஐந்து நாற்காலி. ஒன்று காலி. ஊரில் எவனும் அதற்கு மனுப் போடவில்லை. இன்னொன்றுக்குச் சொந்தக்காரியான ஆர்டிஸ் அம்மாள் குளிர் விடும்வரை அரிசோனாவில் வெயில் காய்கிறாள். மிச்சம் மூன்று பேர்: ஆர்விட், பெவ், தலைவர் வெண்டல். மூன்று பேர் சேர்ந்தால் கோரம், அதாவது கூட்டம் நடத்தப் போதுமான தலை. அவர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து குழு விஷயம் ஒரு வார்த்தை பேசினால் அது கூட்டம். முன்கூட்டி நோட்டீஸ் ஒட்டாத கூட்டம் சட்டவிரோதம். இரண்டு பேர் பேசலாம், மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் வாயை மூட வேண்டும். கோரம் என்று பெயர் வைத்தவன் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான்.

பின்னாலேயே வெளியே வந்த பெவ் மூக்கைச் சுளித்தாள். "டார்லா பேச்சை எடுக்கிறப்பல்லாம் வந்து உட்கார்றான் பாருங்க. மூக்குக்குள்ள ராடார் வச்சிருக்கானா?"

"ராடார் இல்ல, ஜன்னல்." ஆர்விட் தெருவுக்கு எதிர்ப்புறம் தாடையை ஆட்டினார். வெண்டலின் மரக்கடை ஆபீஸ் ஜன்னல் காபிக் கடையைப் பார்த்தபடி இருந்தது. "நாம ரெண்டு பேரும் தலையைச் சேர்த்தா அவனுக்குத் தெரியும். ஆனா எதுக்கு ஓடி வர்றான்? அதுதான் தெரியல."

ஆர்விட் எட்டாவதோடு படிப்பை விட்டவர். நாற்பது வருஷம் இழுவை லாரி ஓட்டி, பள்ளத்தில் விழுந்த கார்களைத் தூக்கினார். எந்தக் கார் எப்படி விழுந்தது என்று ஓட்டியவன் சொல்வதை அவர் நம்பியதே இல்லை. சக்கரத் தடத்தைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்வார். அந்தப் பழக்கத்தில்தான் லூத்தரன் தேவாலயத்துச் சமையலறையில் காணாமல் போன காபி அண்டாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதிலிருந்து ஊர் அவரைத் துப்பறியும் ஆர்விட் என்று கேலி செய்யும். கேலி செய்த வாயே கஷ்டம் வந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டும்.

இப்போது தட்டியிருப்பவள் டார்லா நீமி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவள் லீவு போட்டால் பெவ் ஓட்டுவாள். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு திங்கள்கிழமை விடிகாலை, தன் சொந்தக் காரில் பஸ் டிப்போவுக்குக் கிளம்பினாள். கண்ணை மறைக்கும் பனிமூட்டம். மில் ரோடும் நாலாவது தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்காமல் போய் ஒரு கிழ விவசாயியின் பிக்கப் வண்டியில் மோதினாள். கிழவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஸ்டாப் பலகையை மதிக்காமல் ஓட்டியதாக டார்லா மேல் வழக்கு. வியாழக்கிழமை கோர்ட். குற்றம் உறுதியானால் பஸ் லைசன்ஸ் போய்விடும். லைசன்ஸ் போனால் வேலை போய்விடும்.

டார்லா ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "பலகை அங்க இல்ல. பனிமூட்டத்துல அந்தப் பலகையைப் பார்த்துதான் மூலை வந்துடுச்சுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்குப் பலகையே இல்ல."

பனி விலகிய மத்தியானம் போலீஸ் எடுத்த போட்டோவில் பலகை ஜம்மென்று நின்றது. யார் நம்புவார்கள்?

மாவட்ட அரசு வக்கீல் ஒரு வழி விட்டிருந்தார். 'பலகை மேல் சந்தேகம் இருக்கிறது' என்று ஊர்ப் பாதுகாப்புக் குழு ஓட்டுப் போட்டு எழுதிக் கொடுத்தால் வழக்கைத் தள்ளிவைத்துப் பார்க்கிறேன் என்றார். குழுவால் போலீசுக்கு உத்தரவு போட முடியாது. ஒருத்தர் மேலுள்ள தனி வழக்கைப் பேச முடியாது. யாரையும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். அந்த யோசனைக்காவது ஒரு மதிப்பு இருக்கிறதே என்று டார்லா நம்பினாள். கூட்டம் இன்றைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு.

* * *

மூலைக்குப் போனார்கள். ஆர்விட் பலகைக் கம்பத்தைச் சுற்றி வந்தார். தரையில் உறைந்த மண். பூமிக்குள் பதித்த குட்டைக் கம்பத்தோடு மேல் கம்பத்தைப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். இடித்தால் அந்த இடத்தில் கழன்று விழுகிற மாதிரி.

"ஸ்பானர் இருந்தா போதும். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்துல கழட்டி மாட்டிடலாம்," என்றார்.

"யாரு? எதுக்கு? ஸ்டாப் பலகையைத் திருடி வீட்டுல மாட்டுனா புருஷன் நிப்பானா?" பெவ் கையைத் தேய்த்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தாள். "ஐயோ பாவம், இதுக்கு என்ன வெட்கம்?"

"என்ன வெட்கம்?"

"பாருங்களேன். செக்கச் செவேல்னு கோபமா நிக்கவேண்டியது, பொண்ணு பார்க்க வந்தப்போ நான் நின்ன மாதிரி ரோஸா நிக்குது."

ஆர்விட் பலகையைப் பார்த்தார். பிறகு, ஓரமாக நிறுத்தியிருந்த தன் சிவப்பு பிக்கப்பைப் பார்த்தார். அந்த வண்டி வீட்டு வாசலில் எப்போதும் ஒரே பக்கம் பார்த்துதான் நிற்கும். தெற்கே பார்த்த பக்கம் வெயில் குடித்து ரோஸாகிவிட்டது. வடக்குப் பக்கம் இன்னும் வாங்கின அன்றைக்கு இருந்த சிவப்பு.

"பெவ். இந்தப் பலகை எந்தத் திசையைப் பார்த்து நிக்குது?"

"வடக்குலேருந்து வர்றவங்களுக்கு. அதனால வடக்கு."

"வடக்கு முகத்துல வெயில் எங்கம்மா அடிக்கும்?"

பெவ் பலகையைப் போனில் படம் எடுத்தாள். "அப்போ இவ இந்த ஊர்க்காரி இல்ல. வேற இடத்துல வாழ்க்கைப்பட்டு, தெற்கே பார்த்து நின்னு வெளுத்துப்போனவ."

"ஆமா. இவ வந்ததால அங்க ஒரு இடம் காலி. காலி இடத்துல புதுசா ஒருத்தி நிப்பா. தெற்கே பார்த்து, ஆனா வெளுக்காம. அவளைத் தேடு."

ஊரைச் சுற்றினார்கள். பள்ளிக்கூட வாசல், தேவாலயம், தானியக் கிடங்கு, ஏரிக்கரை. தெற்கே பார்த்த பலகையெல்லாம் ரோஸ். வடக்கே பார்த்ததெல்லாம் சிவப்பு. ஒன்றுகூட மாறவில்லை. கடைசியில் ரயில் பாதையைத் தாண்டியதும் பெவ் ஆர்விட்டின் முழங்கையைப் பிடித்தாள்.

மர லாரிகள் ரோட்டில் ஏறும் இடம். தெற்கே பார்த்து ஒரு ஸ்டாப் பலகை. தக்காளி மாதிரி சிவப்பு.

மேலே பெரிய எழுத்து: பிராண்ட் மரக்கடை.

"நம்ம தலைவர்," என்றாள் பெவ். முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது.

வேலிக்கு அந்தப்புறம், உறைந்த ஏரிமேல் நிறுத்தி ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற சக்கரக் குடிசை நின்றது. வெண்டலுடையது. ஊரிலேயே பெரிய குடிசை என்று அவன் பீற்றிக்கொள்வது. மார்ச் மாதம் கெடு முடிவதற்குள் எல்லாரும் குடிசையை ஏரியைவிட்டு இழுத்துவிட வேண்டும். இந்த வருஷம் கெடு முடிந்தது விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

குடிசையின் வலது மூலை நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தில் பச்சைப் பெயிண்ட் ஈஷியிருந்தது. ஊர்க் கம்பங்களுக்கெல்லாம் அடித்திருக்கும் அதே பச்சை.

"ஞாயித்துக்கிழமை இழுத்துட்டுப் போறப்போ மூலையில திரும்பியிருக்கான். கம்பத்தை இடிச்சுப் பலகையை நசுக்கியிருக்கான்," என்றார் ஆர்விட். "காலையில பார்த்துக்கலாம்னு போயிருக்கான். அதுக்குள்ள டார்லா போய் மோதிட்டா. ஊரே ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறப்போ, தன் கடைப் பலகையைக் கழட்டி மூலையில மாட்டிட்டு, கடைக்குப் புதுசு வாங்கிட்டான்."

"அவன்தானே பெருசு, அந்தக் கிழவருக்குப் பூங்கொத்து கொண்டுபோனான்?"

"ஆமா. சிரிச்சிக்கிட்டே."

* * *

போலீஸ் டெபுடியிடம் சொன்னார்கள். டெபுடி டோனட்டை மென்றுகொண்டு கேட்டான். "பெயிண்ட் வெளுத்ததை வச்சு நான் ஒரு மனுஷனைக் கேள்வி கேக்கணுமா? அதுவும் குழுத் தலைவரை?" என்றான். அவ்வளவுதான். ஆர்விட் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான்.

"சரி விடுங்க," என்றாள் பெவ். "ஓட்டு இருக்கே. நான் ஒண்ணு, நீங்க ஒண்ணு. அவன் ஒருத்தன். ரெண்டுக்கு ஒண்ணு, நாம ஜெயிச்சாச்சு."

"கூட்டத்தோட பொருள் பட்டியல்ல இல்லாததுக்கு ஓட்டுப் போட முடியாது. மத்தியானத்துக்குள்ள கொடுக்கணும்."

ஊர் ஆபீஸில் எழுத்தர் ஜோலீன் இருந்தாள். விதி தெரிந்தவள், விதிக்கு வெளியே ஒரு அடி வைக்காதவள். ஆர்விட் யோசித்து யோசித்து, டார்லா பெயரே வராமல், நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தார்: 'சாலைப் பலகைகளின் நிறம் பற்றி.'

"இது போதும். ஒண்ணும் புரியாது," என்று பெவ்விடம் கிசுகிசுத்தார்.

ஜோலீன் வாங்கிக்கொண்டாள். "சரி சார். விதிப்படி இதை இப்பவே தலைவருக்கு அனுப்பிடறேன்."

ஆர்விட்டின் காது சூடானது. ஊரில் எவனையும் நம்பாத மனுஷன், திருடன் கையில் தானே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். திரும்பக் கேட்கலாம். கேட்டால் கூட்டத்தில் பேசவே முடியாது. கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு.

"பரவால்ல," என்றாள் பெவ். "என் போன்ல படம் இருக்கு. முக்கியமான வேலை வேற. அவன் நாற்காலியை விட்டு எழாம இருக்கணும். எழுந்தான்னா கோரம் போச்சு, நாம ரெண்டு பேரும் வெறும் ரெண்டு பேர். அதுக்கு நான் எலுமிச்சை இனிப்பு, லெமன் பார் பண்றேன். தட்டு காலியாகாம அவன் எழுந்ததை இந்த ஊரு பார்த்ததில்ல."

* * *

ஆறரை மணி. ஊர் மண்டபம். பெவ் தட்டை வெண்டலின் முன்னால் வைத்தாள். அவன் ஒன்று எடுத்தான், கண்ணை மூடி மென்றான், இன்னொன்று எடுத்தான். ஆர்விட் தட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

பொதுமக்கள் வரிசையில் டார்லா மட்டும். துவைத்துத் தேய்த்த பஸ் டிரைவர் ஜாக்கெட். பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம் உண்டு, கடைசியில். அதற்காகக் காத்திருந்தாள். கதவோரம் டெபுடி.

முதலில் நாய் லைசன்ஸ் பேச்சுக்கு வந்தது. தீயணைப்பு வண்டி டயர் விஷயமும் முடிந்தது. பிறகு வெண்டல் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அடுத்தது, சாலைப் பலகைகளின் நிறம். நம்ம ஆர்விட் கொடுத்தது. நான் முதல்ல அவருக்கு நன்றி சொல்லணும். மத்தியானம் இதைப் படிச்சதும் நானே ஊரைச் சுத்திப் பார்த்தேன். எத்தனை பலகை வெளுத்துக் கிடக்கு! ஆபத்து இல்லையா? உடனே ஊர் ஆளுங்களைக் கூப்பிட்டேன். மில் ரோடு மூலையிலேருந்து ஆரம்பிச்சு மாத்தியாச்சு. பழசெல்லாம் பழைய இரும்புக்குப் போயாச்சு. ஜோலீன், ஆர்விட்டுக்குக் குழுவோட பாராட்டுன்னு எழுதிக்கோ."

ஜோலீன் எழுதிக்கொண்டாள்.

பலகை போய்விட்டது. போனதோடு இல்லாமல், ஆர்விட்டின் பெயரைச் சொல்லிப் போயிருக்கிறது. பக்கத்தில் பெவ் போனைத் தடவினாள்.

"படம் இருக்கு தலைவரே. மூலையில நின்ன பலகை, ரோஸா."

"ஆமாம்மா, ரோஸாத்தான் இருந்துச்சு. அதனாலதானே மாத்தினேன்!"

சிரித்தான். ஆனால் அவன் கை மூன்றாவது லெமன் பாருக்குப் போகவில்லை. ஆர்விட் அதைக் கவனித்தார். இதுதான் நேரம்.

"தீர்மானம் கொண்டுவர்றேன்," என்றார். எழுதி வைத்துப் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "யார் மேலயும் உள்ள வழக்கைப் பத்தி இல்ல. பலகையைப் பத்திதான். மில் ரோடு மூலையில நின்ன பலகை அந்த இடத்துப் பலகையான்னு இந்தக் குழுவுக்குச் சந்தேகம் இருக்கு. அதை அரசு வக்கீல் பார்க்கணும்னு யோசனை சொல்றோம்."

"வழிமொழியறேன்," என்றாள் பெவ், அவர் முடிக்கும் முன்பே.

டார்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜோலீன் பேனாவோடு தலைவரைப் பார்த்தாள். இனி அவன் ஓட்டுக்கு விட வேண்டும். விட்டால் இரண்டுக்கு ஒன்று.

வெண்டல் தட்டைப் பார்த்தான். அரைத் தட்டு மிச்சம் இருந்தது. மெதுவாக எழுந்தான். நாற்காலி முதுகில் தொங்கிய கோட்டை எடுத்தான்.

"தலைவரே, இன்னும் லெமன் பார் இருக்கு," என்றாள் பெவ். சிரிக்கப் பார்த்தாள். தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"வயிறு சரியில்லம்மா. வீட்டுக்குப் போறேன்."

ஆர்விட் தன் வயசுக்கு மீறிய வேகத்தில் எழுந்து கதவை மறித்தார். "ஓட்டைப் போட்டுட்டுப் போ. வேண்டாம்னு போடு. உட்கார்ந்து போட்டுட்டுப் போ."

"ஒதுங்கு ஆர்விட்."

"உன் குடிசை மூலையில இருக்கிறது என்ன பச்சை?"

வெண்டலின் சிரிப்பு ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடியை அந்த மண்டபத்தில் எல்லாரும் பார்த்தார்கள். டெபுடிகூடப் பார்த்தான். பார்த்துவிட்டு, ஆர்விட்டின் தோளில் கை வைத்தான். "பெரியவரே. ஒரு மனுஷன் வீட்டுக்குப் போறதை மறிக்கிறது குத்தம். விடுங்க."

ஆர்விட் ஒதுங்கினார். வாழ்நாளில் எத்தனையோ கனமான வண்டிகளை இழுத்தவர். அந்த ஒரு அடி நகர்ந்ததுதான் அவருக்குப் பெரிய கனமாக இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே ஒரு என்ஜின் கிளம்பிப் போனது.

ஜோலீன் ஒலிப்பதிவுப் பெட்டியை நிறுத்தினாள். "கோரம் இல்ல. கூட்டம் முடிஞ்சது," என்றாள் தரையைப் பார்த்து. "தீர்மானம் நிக்காது. அடுத்த மாசம் திரும்பக் கொண்டுவரலாம் சார். எனக்கு வேற வழி இல்ல."

"வியாழக்கிழமை கோர்ட்டும்மா," என்றார் ஆர்விட்.

"தெரியும் சார்."

காபிக் கடையில் மூன்றாவது ஆள் உட்கார்ந்து வாயை அடைத்தான். இங்கே மூன்றாவது ஆள் எழுந்து வாயை அடைத்தான். இரண்டுக்கும் ஒரே விதி. அந்த விதியை எழுதியவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும். மூடிய கதவுக்குள் எவனும் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று நினைத்திருப்பான். ஆர்விட் அவனையும் நம்பவில்லை.

டார்லா எழுந்து நடந்து வந்தாள். மைக்கின் முன்னால் நின்றாள். விளக்கு அணைந்திருந்த மைக்.

"அப்போ என் மூணு நிமிஷம்?"

"கூட்டமே இல்லம்மா," என்றாள் ஜோலீன்.

"பேசு டார்லா," என்றாள் பெவ். "நாங்க கேக்கறோம்."

"நீங்க கேட்டு என்ன ஆகப்போகுது?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் ஜாக்கெட் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து, லெமன் பார் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமைலேருந்து என் ரூட்டுக்கு மாத்து டிரைவர் நீதானே பெவ். கேட்டுக்கோ. எனக்கு மூணு நிமிஷம் இருக்கு. முதல் நிறுத்தத்துல லூண்ட் வீட்டுச் சின்னப் பையன், கையுறையை மறந்துட்டுத் திரும்ப ஓடுவான். ஹாரன் அடிக்காத, அழுதுடுவான். பாலத்துகிட்ட அக்கா தங்கச்சி ரெண்டும் சண்டை போட்டுட்டே ஏறும். ஒண்ணை முன்னாடி உட்கார வை, ஒண்ணைப் பின்னாடி. ஹீட்டர் பட்டனை ரெண்டு தடவை அமுக்கணும், ஒரு தடவைக்குக் கேக்காது."

பெவ் தலையாட்டினாள்.

"அப்புறம் மில் ரோடு மூலை." டார்லா ஆர்விட்டைப் பார்த்தாள். "அங்க நில்லு. பலகை இருந்தாலும் நில்லு, இல்லாட்டியும் நில்லு."

அவ்வளவுதான் அவள் பேச்சு. ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டாள். மூன்று நிமிஷம் முடிந்ததா என்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.